சுண்ணாம்புக்கு அடியில் பாசி

ஆம்பூரில் என் தங்கையின் கல்யாணத்துக்காக வீட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தோம். வெயிலில் காய்ந்து கறுத்திருந்த பாசியை முதலில் சுரண்டலாம் என்றேன். தோல் பதனிடும் ஷெட்டில் வேலை பார்த்த என் கணவர், "செத்த பாசிதானே, அதுமேலயே அடிச்சிடலாம்" என்று சுண்ணாம்பைப் பூசிவிட்டார்.

கல்யாணத்துக்கு முந்தின இரவு மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் வெள்ளைச் சுவரெங்கும் பச்சைத் திட்டுகள். காய்ந்தபோது உள்பக்கமாகச் சுருண்டிருந்த பாசியின் பொடி இலைகள், முதுகில் மட்டும் சுண்ணாம்பை வாங்கியிருந்தன. நனைந்ததும் அவை விரிந்துவிட்டன. எனக்கு அழுகையே வந்தது.

காவேரிப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திறங்கிய மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்: "இன்னா, சுவத்துக்குப் பச்சை அடிச்சிருக்கீங்க?"

"ஆமாங்க, கல்யாணமாச்சே" என்றார் என் கணவர், முகம் மாறாமல்.

அந்த அம்மாள் சுவரைத் தடவிப் பார்த்தார். "குளுகுளுன்னுதான் கீது" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.