கட்டில் கால் அடுப்பு

வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிய பிறகுதான், சிலிண்டரை மூடினேனா என்ற சந்தேகம் எனக்கு வரும். திறந்து போய்ப் பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும், இப்போது பார்த்ததாக நினைப்பது நேற்றுப் பார்த்ததோ என்று மறுபடி திரும்புவேன். இதற்காகவே எங்கேயாவது போவதென்றால் என் வீட்டுக்காரர் ஒரு பஸ் முன்னதாகவே என்னைக் கிளப்பிவிடுவார். சின்னப் பிள்ளையிலிருந்தே நான் இப்படித்தான். என் கவலையை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர. அது எங்கள் வீட்டு உமி அடுப்பு விஷயத்தில்.

அப்போது புதுவயலில் இருந்தோம். அப்பாவுக்கு அரிசி ஆலையில் பாய்லருக்கு உமி தள்ளுகிற வேலை. சட்டையில் நெல் அவிந்த வாசனையோடுதான் வீட்டுக்கு வருவார். அந்த வருடம் அம்மாவுக்கு நெஞ்சில் ஏதோ வந்து, சிவகங்கை ஆஸ்பத்திரிக்கும் மதுரை ஆஸ்பத்திரிக்கும் மாறி மாறிப் போய் வந்தார்கள். கடைசியாகப் போய் வந்தபோது மாத்திரைப் பை சின்னதாகியிருந்தது. குணமாகி வருகிறது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். புகை மட்டும் ஆகாது என்று டாக்டர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கேஸ் தீர்ந்துபோனால் அடுத்த சிலிண்டர் வரும்வரை எங்களுக்கு விறகுதான்.

“புகையாத அடுப்பு ஒண்ணு செஞ்சு தாரேன். நின்ன வாக்குலயே ஆக்கலாம். குனிய வேணாம், ஊத வேணாம்” என்றார் அப்பா.

அம்மா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். “செய்ங்க” என்றாள்.

அன்றிலிருந்து அப்பா ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சேர்த்தார். ஆலையில் கிரீஸ் வந்த பெரிய தகர டின். ஓட்டை பெரிதாகிப்போய்க் கழித்த சல்லடைத் தகடு. போர்வெல் போடுகிறவர்கள் விட்டுப்போன பைப் துண்டு. காரைக்குடி பழைய சாமான் கடையில், இடித்த பெரிய வீட்டிலிருந்து வந்த இரும்புக் கட்டில் ஒன்று கால் போய்க் கிடந்ததாம். ஒரு கால் இல்லாத கட்டிலை யார் வாங்குவார்கள்? அடுப்புக்கு மூன்று போதும் என்று மிச்சக் கால்களை அறுத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஒக்கூரிலிருந்து பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன மச்சான், ராக்கெட்டு விடப் போறீகளா? முன்னாடியே சொல்லிருங்க, நான் பஸ் ஏறிர்றேன்.”

“ஒன்னையத்தான்டா உள்ள வச்சு அனுப்பப் போறேன்” என்றார் அப்பா. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும் என்பதால் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள்.

எனக்கோ பயம்தான். டின்னுக்குள் கிரீஸ் மிச்சமிருந்து வெடித்துவிடுமோ? “ஏப்பா, நல்லாக் கழுவுனீகளா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கழுவினேன் ஆத்தா, கழுவினேன் ஆத்தா என்று அவரும் சலிக்காமல் சொன்னார்.

பட்டறையில் கால்களை ஒட்டவைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொல்லையில் நிறுத்தினார். அன்றைக்கும் மாமா வந்திருந்தார். நடுவில் பைப்பை நட்டு, சுற்றிலும் உமியைக் குத்திக் குத்தி அடைத்து, பைப்பை மெதுவாகத் திருகி உருவினால் நடுவில் ஒரு வழி நிற்கும். அடியில் பற்றவைத்தால் அந்த வழியாகத் தீ மேலே ஏறும். கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் புகை அடங்கிவிடும். பாய்லரோடு கிடந்தவருக்கு உமியின் குணம் தெரியாதா?

அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து அடுப்புப் பக்கத்தில் நிறுத்தினார். அடுப்பின் வாய் அவள் இடுப்புக்குச் சரியாக வந்தது.

“பாத்தியா? ஒனக்குன்னே அளந்து செஞ்சது.”

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியது. அடுப்பையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அப்பா, இம்புட்டு ஒசரமா மூணு காலு மேல நின்னா சாஞ்சிராதா? ஒலைப்பானையோட சாஞ்சா?”

“ஆரம்பிச்சுட்டா” என்றார் மாமா.

“ஏத்தா, இங்குட்டு வா. இது பக்கத்துல நில்லு” என்றாள் அம்மா.

நின்றேன். அடுப்பு என் நெஞ்சுக்கு மேலே இருந்தது. பானை வைத்தால் முகத்துக்கு நேரே வரும். அம்மா என் இடுப்பில் கையை வைத்து, “இம்புட்டு இருந்தாப் போதும். மிச்சத்த அறுத்துருங்க” என்றாள்.

“கிறுக்கா ஒனக்கு? குனிஞ்சா மூச்சு முட்டும்னுதான இம்புட்டுப் பாடு பட்டேன்.”

“புள்ளதான் சொல்றால்ல, சாயும்னு. அவ சொல்றது சரிதான். அறுங்க.”

“நீ எந்திரிச்சு நடமாடிட்டா அப்பறம் என்ன செய்வ? அதுல குனிஞ்சா ஆக்குவ?”

அம்மா என் இடுப்பில் வைத்த கையை எடுக்கவில்லை. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் வந்தார். அடுப்பைக் கவிழ்த்துப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆக்சா பிளேடால் அறுக்கத் தொடங்கினார். நடுநடுவே நிறுத்தி முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். தோற்றுப்போன கோபம் என்று நினைத்தேன். அப்பாவைக் கேலி செய்ய மாமாவுக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அவரோ செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போனார். துண்டு ஒவ்வொன்றும் ணங்கென்று விழுந்தது. அப்பா பொறுக்கி எடுத்தார். எடைக்குப் போடுவார் என்று நினைத்தேன்.

முதல் உலையை அம்மா என்னை வைக்கச் சொன்னாள். கொல்லை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் தண்ணி, மூடியத் தள்ளி வை, சேலைத்துணியால பிடி என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சோம்பேறித்தனம் என்று செல்லமாகத் திட்டினேன். “ஆமாத்தா, ஒங்கம்மா சோம்பேறிதான்” என்றாள்.

தைப் பொங்கலுக்கு முன்பே அம்மா போய்விட்டாள். நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றதும் அந்த வருடம்தான். பிறகு வெகுகாலம் அந்த அடுப்பில்தான் ஆக்கினேன். வளர்ந்து பெரியவளானதும், குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போகிறது என்று ஒரு நாள் சொன்னேன். அப்பா பரணில் ஏறி ஒரு சாக்குச் சுருளை எடுத்தார். உள்ளே அந்த மூன்று துண்டுகளும் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி இருந்தன. பட்டறையில் ஒட்டவைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். அடுப்பின் வாய் என் இடுப்புக்குச் சரியாக வந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆனால் அந்த முதல் சோறு வடித்த அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. என் பேச்சைக் கேட்டுத்தான் காலை அறுத்தார்கள் என்று பெருமையாக இருந்தது. போகும்போதும் வரும்போதும் அடுப்பை ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. இனிமேல் இந்த வீட்டில் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு, அம்மாவை ஒட்டிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.