துணிக்கடை வாசலில் நின்ற கால்

துணிக்கடை என்றாலே காத தூரம் ஓடுகிற என் வீட்டுக்காரர், திடீரென்று ஒவ்வொரு கடை வாசலிலும் நிற்க ஆரம்பித்தார். மலேசியாவில் துணிக்கடைகளுக்கே பேர்போன ஊர் எங்கள் தங்காக்; எங்கள் வீட்டிலிருந்து சந்தைக்குப் போகும் வழியெல்லாம் துணிக்கடைதான். நாலு கடை தாண்டுவார், நிற்பார், கண்ணாடிக்குள் தொங்கும் சேலையை உற்றுப் பார்ப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து மனுஷனுக்கு ரசனை வந்துவிட்டதே என்று பூரித்துப்போனேன். ஒருநாள் அவர் ரசித்துக்கொண்டிருந்தது பள்ளிக்கூடச் சீருடை. அப்போதுதான் சந்தேகம் வந்தது.

கெண்டைக்கால் வலி. நடந்தால் பிடிக்கும், நின்றால் விடும். வெளியே சொல்ல ஐயாவுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

கிளினிக்குக்கு இழுத்துப் போனேன். டாக்டரம்மா கையிலும் கணுக்காலிலும் ரத்த அழுத்தம் பார்த்தார்.

"காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு அங்கிள். அதோட உள்சுவரும் கெட்டுப்போச்சு. நடக்கறப்ப குழாய் விரியணும், விரிய மாட்டேங்குது. சிகரெட்ட விடுங்க, மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுங்க. இல்லன்னா சின்னப் புண்ணு வந்தாலும் ஆறாது. காலையே எடுக்க வேண்டி வரலாம்."

மாத்திரை அட்டையை வாங்கி அவர் கையில் திணித்தேன். அவரோ மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை.

"அலமாக்! போன ரத்த டெஸ்ட்ல எனக்குக் கொழுப்பே இல்லையே லா."

"உங்களுக்குக் கொழுப்பு இல்லன்னு யாரு சொன்னா?" என்றேன். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்த மாத்திரை குழாயின் உள்சுவருக்கும் நல்லது என்று விளக்கினார்.

இவரும் மண்டையை மண்டையை ஆட்டினார். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கிறது, சட்டையில் சிகரெட் வாடை. அழுது பார்த்தேன். கல்லில் நார் உரித்த கதைதான்.

மறுநாளிலிருந்து ஒரு சட்டம் போட்டேன். அவர் எந்தக் கடை முன்னால் நிற்கிறாரோ, அந்தக் கடைக்குள் நான் நுழைவேன்.

"ஏய், எங்க போற?"

"நீங்கதானே நின்னீங்க. வாங்கித் தரப் போறீங்கன்னு நெனச்சேன்."

கடைக்காரர்கள் எங்களைத் தூரத்தில் கண்டாலே அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்கள். நான் வாங்கிக் குவித்த சேலைகளால் பீரோக் கதவு மூட மறுத்த வாரம், அவரே மாத்திரையைக் கேட்டு வாங்கி விழுங்கினார். முனகிக்கொண்டே சிகரெட்டையும் விட்டார். டாக்டரம்மா சொன்னபடி வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடந்தார். மாதங்கள் போகப் போக, அவர் நிற்கும் கடைகள் குறைந்துகொண்டே வந்தன.

ஒரு சனிக்கிழமை எங்கும் நிற்காமல் தெருமுனைவரை போய்ச் சேர்ந்தார். திரும்பி நின்று, காலைத் தட்டிக் காட்டினார்.

"இப்ப எந்தக் கடைக்குள்ள போவ?"

அன்றைக்கு ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை. வெறுங்கையோடு அவ்வளவு சந்தோஷமாக அந்தத் தெருவிலிருந்து நான் வீடு திரும்பியதே இல்லை.