எட்டுப் பாடங்களை வேண்டாம் என்று சொல்ல வைத்த வேலை

1. மேஜையில் முதல் நாள்

புனே பக்கம் நிக்டியில் ஓர் ஆங்கிலப் பள்ளி அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து சூப்பரின்டென்டாக ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ மேஜைகளில் உட்கார்ந்திருக்கிறேன். அட்மிஷன் மேஜை, டி.சி. மேஜை, பஸ் பாஸ் மேஜை. எல்லாவற்றிலும் கஷ்டமானது ஒன்பதாம் வகுப்பு ஸ்கில் சப்ஜெக்ட் மேஜை. எட்டாவது முடித்த பிள்ளைகள் வழக்கமான பாடங்களோடு தங்களுக்குப் பிடித்த ஒரு தொழில் பாடத்தைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று அரசாங்கம் நல்ல மனசோடு கொண்டு வந்த ஏற்பாடு அது.

முதல் நாள் பிரின்சிபால் மேடம் என்னைக் கூப்பிட்டு ஃபாரத்தைக் காட்டினார். அவர் பேசியது பாதி மராத்தி, பாதி ஹிந்தி. நான் தமிழில் எழுதுகிறேன்.

"லலிதாஜி, இதுல பத்து சப்ஜெக்ட் இருக்கு. டீச்சர் இருக்கிறது ரெண்டுக்குத்தான், ஏஐயும் ஐடியும். மீதி எட்டையும் பேரன்ட்ஸே வேண்டாம்னு சொல்லணும். நாம சொன்னதா இருக்கக் கூடாது."

"அப்புறம் எதுக்கு மேடம் பத்தையும் அச்சடிச்சோம்?"

"பக்கத்து ஸ்கூல்ல ஒன்பது அச்சடிச்சிருக்காங்க."

இதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது?

2. கவுன்சலிங்

அந்த மேஜைக்கு 'கவுன்சலிங் டெஸ்க்' என்று போர்டு மாட்டினார்கள். நான் பி.ஏ.வைத் தபாலில் படித்தவள். கவுன்சலிங் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜனங்கள் பேசுவதைக் கேட்டே கற்றுக்கொண்டேன்.

விவசாயத்தில் டிக் அடித்துக்கொண்டு வந்தால், "ஊர்ல நிலம் இருக்கா?" என்று மட்டும் கேட்பேன். அழித்துவிடுவார்கள். டூரிசம் என்றால், "அடிக்கடி வெளியூர் போக வேண்டியிருக்கும்" என்பேன். அம்மாக்கள் பேனாவைப் பிடுங்கிக்கொள்வார்கள். அழகுக்கலை என்றால் நான் பேசவே வேண்டாம், அப்பாவை ஒரு பார்வை பார்த்தால் போதும். ஆட்டோமொபைலுக்கு ஒரே வாக்கியம்: "ஸ்கோரிங்கும் இல்ல, ஸ்கோப்பும் இல்ல, கிரீஸ் கறைதான் மிச்சம்."

அங்கே கேட்ட பேச்சுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஹிஞ்சேவாடி ஐடி கம்பெனிக்காரர் ஒருவர், கம்பெனி கார் கீழே காத்திருக்க அவசரமாக வந்து சொன்னார்: "மேடம், பையனுக்கு என்ன பிடிக்கும்னு வீட்ல ஓட்டெடுப்பே நடத்திட்டோம். அவனுக்கு ஓட்டு இல்ல, மைனர்." சாங்வியிலிருந்து வந்த அம்மா, "எங்க பில்டிங் ஸ்ருதி எதை எடுத்திருக்காளோ அதையே போடுங்க. அவ அம்மா விசாரிக்காம எதையும் செய்ய மாட்டா" என்றார். அரை மணி கழித்து ஸ்ருதியின் அம்மா வந்து இந்த அம்மாவைப் பற்றி அதையே சொன்னார். இரண்டு பெண்களுக்கும் ஏஐ போட்டுவிட்டேன்.

ஃபாரத்தில் 'மாணவரின் விருப்பம்' என்ற கட்டத்தைப் பெற்றோர் நிரப்பினார்கள். 'பெற்றோர் கையெழுத்து' என்ற இடத்தைச் சில வீடுகளில் பிள்ளைகள் நிரப்பினார்கள். வேலைப் பங்கீடு சரியாகவே நடந்தது.

நான்கு வருஷம் அந்த எட்டுப் பாடங்களில் ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. ஆண்டு விழாவில் எனக்கு 'சிறந்த வழிகாட்டி' என்று ஷீல்டு கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

3. பதினைந்து

ஐந்தாம் வருஷம் பவித்ரா வந்தாள். அப்பாவுக்கு பைக் கம்பெனியில் அசெம்பிளி லைன் வேலை. வேலூர்ப் பக்கத்துக்காரர். ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு வந்திருந்தார். பெண் ஆட்டோமொபைலில் டிக் அடித்திருந்தாள். நானும் வழக்கம்போல என் வாக்கியத்தைச் சொன்னேன்.

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அதைத்தான் நானும் சொல்றேன் மேடம்! இத்தினி நாளு நான் சொன்னா கேக்கல. படிச்சவங்க நீங்கோ சொல்லிட்டீங்க, முடிஞ்சுது" என்று அங்கேயே புது ஃபாரம் வாங்கி, ஏஐ போட்டு, கையெழுத்தும் போட்டார். நான் சீல் குத்தினேன். அவர் ரசீது வாங்க கவுண்டருக்குப் போனதும் பவித்ரா மேஜைமேல் குனிந்தாள். அவளுக்குத் தமிழ் திக்கித் திக்கித்தான் வரும்.

"ஆன்ட்டி, ஃபாரம்ல ஆட்டோமொபைல் போட்டிருக்குல்ல? அப்போ கிளாஸ் கியூ நஹீ, ஏன் இல்ல?"

"ஆள் சேரணும்மா. ஒருத்திக்காக நடத்த முடியுமா?"

"எத்தனை ஆள் வேணும்?"

அப்படி ஒரு கணக்கே கிடையாது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "பதினஞ்சு."

"பதினஞ்சு வந்தா, அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். என் ஃபாரம் மாத்தலாம்ல?"

"அப்பா புது ஃபாரத்துல கையெழுத்து போட்டா மாத்தலாம்."

மூன்றாம் நாள் பதினேழு ஃபாரங்களோடு வந்து நின்றாள். எல்லாம் அவளோடு படிப்பவர்கள் ஏஐயிலிருந்தும் ஐடியிலிருந்தும் மாறிய ஃபாரங்கள். அத்தனையிலும் பெற்றோர் கையெழுத்து. நான் ஃபோன் போட்டுச் சரிபார்த்தேன். அசல்.

"எப்படிடி சம்மதிக்க வெச்ச?"

"நீங்க பேசற மாதிரியே பேசினேன் ஆன்ட்டி. பசங்ககிட்ட, இதுல எழுதற ஹோம்வொர்க் இல்ல, வண்டி கழட்டணும்னு சொன்னேன். அவங்க மம்மிகிட்ட, ஏஐல கூட்டம் ஜாஸ்தி, இதுல காம்பெடிஷன் இல்ல, ஸ்கோரிங்னு சொன்னேன்."

அந்த ஷீல்டு அவளுக்குப் போயிருக்க வேண்டியது.

4. இருபத்தைந்து

பிரின்சிபால் மேடம் ஃபாரக் கட்டைப் பார்த்தார். "பதினஞ்சுன்னு யார் சொன்னது?"

"நான்தான் மேடம்."

"இருபத்தஞ்சுன்னு சொல்லுங்க."

சொன்னேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, ரூல் புத்தகத்தில் இருப்பதுபோல, "இருபத்தஞ்சும்மா, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அவள் கோபப்படவில்லை. "ஓகே ஆன்ட்டி" என்று போனாள். வெள்ளிக்கிழமை இருபத்தைந்து ஃபாரம் வந்துவிட்டது. இதில் அவளுடையது சேரவில்லை.

இருபத்தைந்து கையெழுத்து என்றால், வகுப்பு நடக்காவிட்டால் இருபத்தைந்து வாட்ஸ்அப் புகார். மேடம் அதைக் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார். ஃபோனை எடுத்தார். சிஞ்ச்வட் ஐ.டி.ஐ.யில் ரிட்டயர் ஆன இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் திங்களன்றே வந்து சேர்ந்தார். ஐந்து வருஷமாகக் கிடைக்காத டீச்சருக்கு ஒரே ஒரு ஃபோன்தான் தேவைப்பட்டது. பழைய ஸ்கூட்டர் எஞ்சின் ஒன்றும் அவரோடு ஆட்டோவில் வந்தது. ஏஐ எடுக்கும் சார் மட்டும் காலி பெஞ்சுகளைப் பார்த்து, "இது மிஷினால் வந்த வேலையிழப்பு" என்றார்.

5. கடைசி நாள்

பட்டியலைத் தேர்வு போர்டின் வெப்சைட்டில் ஏற்றி, மாலை ஐந்துக்குள் லாக் செய்ய வேண்டும். லாக் ஆனால் பத்தாவது முடிகிறவரை அதே பாடம்தான். மதியம் மூன்று மணிக்கு பவித்ரா வெற்றுக் கையோடு வந்தாள்.

"அப்பா சைன் பண்ணல ஆன்ட்டி. நீங்க சொன்னா கேப்பாரு."

கையெழுத்தை அவளே போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். எத்தனையோ பிள்ளைகள் போட்டார்கள். அவள் போடவில்லை. நான் அவள் அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். பின்னால் லைன் ஓடும் சத்தம்.

"அண்ணா, ஆட்டோமொபைல் கிளாஸ் வந்துடுச்சு. நல்ல சாரு. பவித்ராவுக்கு மாத்திக் குடுங்க."

"இன்னாத்துக்கு மேடம்? ஸ்கோப்பு இல்லைன்னு நீங்கோதானே சொன்னீங்க."

"அது நான் சும்மா சொன்னது. டீச்சர் இல்லாததை மறைக்கறதுக்காக அப்படிச் சொன்னேன்."



"இப்ப சொல்றதும் யாருக்காகவாச்சும் சொல்றீங்களோ இன்னாவோ, எனக்குத் தெரியல மேடம். நீங்கோ அன்னிக்கு சொன்னது என் மனசுல இருந்ததுதான். வீட்ல என் வண்டியை அவதான் சர்வீஸ் பண்றா. நல்லாவே பண்றா. ஆனா அதை மார்க் ஷீட்ல எழுதணுமா? நாளைக்கு காலேஜுல ஒருத்தன் பார்த்துட்டு, உங்கப்பன் மெக்கானிக்கான்னு கேப்பான். ஏஐயே இருக்கட்டும். சூப்பர்வைசர் வர்றாரு, வெச்சிடறேன்."

மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. நாலரைக்கு இன்னொரு தடவை போட்டேன், அப்போதும் எடுக்கவில்லை.

பவித்ரா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, "போடுங்க ஆன்ட்டி, லேட் ஆனா எல்லாருக்கும் போயிடும்" என்றாள். இருபத்தைந்து பெயருக்கு ஆட்டோமொபைல் போட்டேன். அவள் பெயருக்கு ஏஐ. லாக் பட்டனை அழுத்தியதும் பச்சை டிக் வந்தது. அவள் பையை மாட்டிக்கொண்டு, "தேங்க்யூ ஆன்ட்டி" என்றாள். அந்த நன்றியை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் நான் பிரின்சிபால் அறைக்குப் போய், அடுத்த வருஷ ஃபாரத்தில் டீச்சர் இருக்கும் மூன்று பாடங்களை மட்டும் அச்சடித்தால்தான் அந்த மேஜையில் உட்காருவேன் என்றேன். மேடம் வேறு ஆளைப் போட்டார். என்னை பஸ் பாஸுக்கு மாற்றினார். அங்கிருந்துதான் ரிட்டயர் ஆனேன்.

புதிதாக அலுவலக வேலைக்கு வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுதான் உண்டு. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அன்றைய கூட்டத்தைக் கலைக்க நாம் ஏதோ சொல்வோம். ஐந்து மணிக்கு நமக்கு அது மறந்துவிடும். எதிரில் நிற்கிறவர், படித்தவர் சொன்னார் என்று அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைக்குச் சட்டமாக்கிவிடுவார். இல்லாததை இல்லை என்று சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்கள்.