கிருபாகரன் சார் ஒளித்துவைத்த நெத்திலி

கிருபாகரன் சாரின் வரலாற்றை எழுதப் புகுமுன் ஒன்றைப் பதிவு செய்துவிட வேண்டும். தூத்துக்குடியில் அவரளவுக்குக் கருவாட்டை விரும்பித் தின்றவர் கிடையாது. அவரளவுக்கு அதை மறைத்தவரும் கிடையாது.

பிறந்தது நாசரேத்தில். தாயும் தகப்பனும் வாத்தியார்கள். அந்த வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைப்பதென்றால் முதலில் ஜன்னல்களைச் சாத்துவார்கள், பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார்கள். இந்தப் பண்பாட்டுச் செல்வத்தோடு தூத்துக்குடி வந்து, விளையாட்டு ஆசிரியராகி, இன்று கடற்கரைச் சுற்றுலா நட்புக் கழகத்தின் செயலாளராகவும் உயர்ந்திருக்கிறார். முத்துக்குளிப்பைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுவார். இங்கே முத்துக் குளித்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்பது அவர் பேச்சுக்கு ஒரு தடையே அல்ல. பேசி முடித்ததும் கடற்கரையில் பிளாரன்ஸிடம் நெத்திலிக் கருவாடு வாங்குவார். பைக்குள் கருவாடு, அதன்மேல் ஒரு கீரைக்கட்டு.

போன மாசியில் நார்வேயிலிருந்து, ஸ்கார்வே என்ற சின்னக் கடலோர ஊரின் கால்பந்து அணி, நம்மூர் மீனவர் தெரு அணியோடு நட்பு ஆட்டம் ஆட வந்தது. கூட்டி வந்தவர் ராக்னில்ட் என்ற அம்மையார். அந்த ஊரில் விளையாட்டு, பண்பாடு, சுற்றுலா எல்லாவற்றுக்கும் அவர் ஒருவரே அதிகாரி. ஆட்டம் நடக்கவிருந்த மணலை ஒட்டித்தான் பிளாரன்ஸ் நெத்திலி காயப்போடுவாள்.

காலையிலேயே சார் போய் நின்றார்.

“பிளாரன்ஸ், இன்னைக்கு ஒருநாள் இத அள்ளிரு. வெளிநாட்டுக்காரங்க வாராங்க.”

“அரைகுறையா காஞ்சத அள்ளி மூடுனா வேர்த்துப் போவும் சார்.”

“நாத்தத்த யோசிச்சுப் பாரு. ஊர் மானம் போயிரும்லா.”

“ஊர் மானம் என் நெத்திலிக்குள்ளயா இருக்கு?”

கேட்டாளே தவிர, அள்ளிவிட்டாள். நெடுநாள் வாடிக்கைக்காரர் சொல் அல்லவா. குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடியது சாரின் சொந்தக் கை. அடுத்து, பெரிய மனிதர்கள் வரும்போது நாம் செய்யும் தலையாய மரியாதையையும் செய்தார்: பாதையின் இரு பக்கமும் பிளீச்சிங் பவுடர் கோடு.

ஆட்டத்தில் நம்மவர்கள் வெறுங்காலோடு ஜெயித்தார்கள். ராக்னில்ட் கைதட்டிவிட்டு, பவுடர் நெடிக்கு மூக்கை உறிஞ்சி, “பக்கத்தில் நீச்சல்குளம் இருக்கிறதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு போனைத் திறந்து தம் ஊர் மைதானத்தைக் காட்டினார். பச்சைப் புல், சுற்றிலும் உயர உயரமான மரச்சட்டங்கள், அவற்றில் வரிசை வரிசையாகத் தொங்கும் மீன்.

“எங்கள் பிள்ளைகள் இந்தக் காற்றில்தான் பந்தாடுகிறார்கள். இதைப் பார்க்கவே பயணிகள் வருகிறார்கள். நேற்று இந்தப் பக்கம் வந்தபோது ஒரு அம்மா மீன் காயவைத்திருந்தார், அதே வாசனை. ஊருக்கே போய்விட்டதுபோல் இருந்தது. இன்று அது எங்கே?”

பிளாரன்ஸ் பக்கத்தில் வந்தாள். “என்ன சொல்லுதாவ சார்?”

“ஊரு சுத்தமா இருக்காம்.”

அதற்குள் போன் கைமாறி அவளிடமே வந்துவிட்டது.

“மாதாவே! இது கருவாடுல்லா! பந்தடிக்க எடத்துலயே தொங்கப் போட்டிருக்காவளே!”

நம் அணித் தலைவன் இஞ்ஞாசி எட்டிப் பார்த்தான். “சார், அவுங்க ஊருக்கும் ஒரு மூட்டை பவுடர் அனுப்பிருவமா?”

சிரிப்பு அடங்கியதும் ராக்னில்ட் விடவில்லை. மீனை ஏன் எடுத்துவிட்டார்கள் என்று இந்த அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். சார் இந்தத் தடவை உள்ளபடியே கேட்டார்.

“அத நீங்களே சொல்லுங்க சார். என் வாயில போடாதிய.”

எத்தனையோ மேடை கண்ட நாசரேத்து ஆங்கிலம் அன்று வார்த்தைக்குத் தடுமாறியது.

“நான்தான் எடுக்கச் சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது.”

ராக்னில்ட் நாகரிகமாகத் திரும்பிக் கடலைப் பார்த்தார். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை.

தார்ப்பாயை விலக்கினார்கள். உள்ளே நெத்திலி வேர்த்து, சூடு கண்டிருந்தது. பிளாரன்ஸ் ஒன்றை எடுத்து முறித்துப் பார்த்தாள். முறியவில்லை, வளைந்தது.

“பாதி கோழித் தீவனந்தான்,” என்றாள். திட்டவில்லை.

சார் முட்டிபோட்டு, மீதியை வலைமேல் பரப்பினார். பட்டப்பகலில், ஊர் பார்க்க. நார்வேக்காரர்களும் குனிந்து உதவினார்கள். அவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷம் அவரை இன்னும் குனிய வைத்தது.

கடைசியில் எல்லோரையும் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். செயலாளர் என்ற முறையில் நடுவில் நின்ற சார், நெத்திலி வாடை ஏறிய கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“ஏன் சார், கையையும் தார்ப்பாய் போட்டு மூடணுமா?” என்றாள் பிளாரன்ஸ்.

சார் கைகளை முன்னால் கொண்டுவந்தார். கொண்டுவந்தபின் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் குனிந்து பார்த்தார். அந்த நேரத்தில் படம் எடுத்துவிட்டார்கள். ஸ்கார்வே ஊர்க்காரர்கள் இணையத்தில் போட்டிருக்கும் அந்தப் படத்தில் அவருடைய வழுக்கை மட்டும் நன்றாகத் தெரிகிறது.