தீர்ப்பை உங்களிடமே விடுகிறோம்

எங்கள் வீட்டுக்கு டி.வி. வந்தது எண்பதுகளின் பிற்பாதியில். அதற்குச் சில மாதம் முன்னால் நான் வந்திருந்தேன். இரண்டு வரவையும் தெரு ஒரே மாதிரிதான் எடுத்துக்கொண்டது. ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு யாராவது உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். டி.வி.யைப் பார்த்து, "கலரா?" என்பார்கள். என்னைப் பார்த்து, "எப்ப வந்த? எப்ப போற?" என்பார்கள்.

கல்யாணமாகி அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் பெண்ணைத் திருவண்ணாமலையில் யார் பார்த்தாலும் கேட்கிற கேள்விதான் அது. விஷமம் ஒன்றும் கிடையாது, சாப்பிட்டாயா என்று கேட்பது மாதிரி. முதல் மாதம் "அடுத்த வாரம்" என்றேன். அப்புறம் "அவருக்கு வேலை ஜாஸ்தி, அவரே வந்து கூட்டிட்டுப் போவாரு" என்றேன். அதற்கும் அப்புறம், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கொல்லைப்பக்கம் போய்த் துவைத்த துணியையே மறுபடியும் அலசிக்கொண்டு நின்றேன்.

எனக்கு அப்போது ஒரு இடத்தில் உட்கார முடியாது. கூடத்திலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து மொட்டை மாடி, மாடியில் மலையைப் பார்த்து ஒரு நிமிஷம், மறுபடியும் கீழே. "காலுல சக்கரமா கட்டியிருக்கு?" என்று அம்மா திட்டுவாள். மத்தியானத் தூக்கத்துக்கு அம்மா தெருக்கதவைச் சாத்தினால் நான் எழுந்து போய்த் திறப்பேன். அவள் சாத்துவாள், நான் திறப்பேன். கடைசியில் அவள் தலையில் அடித்துக்கொண்டு படுத்துவிடுவாள்.

காரணம் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் தெரியும். வேலூரில் ஒரு தோல் மண்டியில் என் கணவருக்கு வேலை. காலையில் கிளம்பும்போது என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிக்கொண்டு போவார். சாயங்காலம் வந்து திறப்பார். கல்யாணமான மறுவாரத்திலிருந்து இப்படித்தான். நான் சொன்னதும் அம்மா கேட்டாள், "அடிக்கிறாரா?" இல்லை. "குடிக்கிறாரா?" இல்லை. "வேற பொம்பள..?" அதுவும் இல்லை. அம்மா பெருமூச்சு விட்டாள். அது நிம்மதிப் பெருமூச்சு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புது ஊரு, தனியா இருக்கிற பொண்ணு. ஒரு பத்திரத்துக்குப் பண்றார்" என்றார் அப்பா. தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். எந்த மனுவுக்கும் ஒரு நியாயம் இருக்கும் என்று நம்புகிற மனுஷர்.

என் கணவர் வீட்டுப் பெரியவர்கள் வெள்ளிக்கிழமை வந்து என்னை அழைத்துப்போவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அப்பா சரி என்றுவிட்டார். அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமைதான் நான் சொல்ல வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் டி.வி.யில் பெண்களுக்கான ஒரு நிகழ்ச்சி வந்தது. வட்டமாக நாற்காலி போட்டு நாலைந்து பேர் உட்கார்ந்து குடும்பப் பிரச்சினையைப் பேசுவார்கள். மாமியார் மருமகள், வரதட்சிணை, பெண்கள் வேலைக்குப் போகலாமா கூடாதா என்று வாரம் ஒன்று. நடத்துகிற அம்மாள் பட்டுப்புடவையும் பவ்யமுமாக எல்லோரையும் பேசவிட்டுவிட்டு, முடிக்கும்போது கைகூப்பி, "தீர்ப்பை நேயர்களாகிய உங்களிடமே விட்டுவிடுகிறோம்" என்பார். ஒரு மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. எங்கள் தெரு அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வாரமே எதிர்வீட்டு அக்கா, "இன்னா எல்லாரும் எழுந்துட்டீங்க? நம்மகிட்ட வுட்டுட்டாங்க இல்ல? சொல்லிட்டுப் போங்க" என்று உட்கார வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு எங்கள் கூடத்தில் கோர்ட்டு கூடும். பார்த்தவர்கள் தீர்ப்புச் சொல்லாமல் எழுந்து போகக்கூடாது. தையல் மெஷின் வைத்திருந்த எதிர்வீட்டு அக்காதான் ஜட்ஜ். அவள் கணவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை, ஜட்ஜாக அதைவிட வேறென்ன தகுதி வேண்டும்? அவளுக்கு இந்தப் பக்கம் பள்ளிக்கூடத்து டீச்சர், அந்தப் பக்கம் எங்களுக்குப் பால் ஊற்றுகிற அம்மா, நடுவில் சோளப்பொரி. ஒரு மருமகளை வேலைக்கு அனுப்பினார்கள். ஒரு மாமியாரைத் தனியாகச் சமைத்துச் சாப்பிடச் சொன்னார்கள். மெட்ராசில் யாருக்கும் இந்தத் தீர்ப்பெல்லாம் தெரியாது என்பதில் அவர்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை தலைப்பு, "பிரிந்து வாழும் மனைவி: தவறு யார் மீது?"

எழுத்து திரையில் வந்ததுமே கூடத்தில் பொரி மெல்லுகிற சத்தம் நின்றுபோனது. நான் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தேன். ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்கிற சிரமத்தில் அத்தனை கழுத்தும் விறைத்துக்கொண்டிருந்தது. போய்விடலாம் என்றுதான் இருந்தது. போனால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்வார்கள் என்று நின்றேன்.

டி.வி.யில் ஒரு பெரியவர், இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சகிப்புத்தன்மை குறைந்துவிட்டது என்றார். மனநல மருத்துவர் ஒருவர், தம்பதிகள் மனம்விட்டுப் பேசவேண்டும் என்றார். பூட்டின கதவுக்கு அந்தப்பக்கம் இருக்கிறவரிடம் எப்படி மனம்விட்டுப் பேசுவது என்று எனக்குள் கொதித்தது. கண்ணாடி போட்ட வக்கீலம்மாள் சட்டத்தில் இருக்கிற பிரிவுகளைச் சொன்னார், நடத்துகிற அம்மாள் எல்லாவற்றுக்கும் அழகாகத் தலையாட்டினார். பிறகு கைகூப்பினார். தீர்ப்பு எங்களிடம் வந்து சேர்ந்தது.

டீச்சர் எழுந்து டி.வி.யை அணைத்தார். எதிர்வீட்டு அக்காதான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். "அந்தப் பொண்ணு இருக்குதே..."

டி.வி.யில் எந்தப் பெண்ணும் வரவில்லை. பொதுவாகத்தான் பேசினார்கள். ஆனால் கூடத்தில் அத்தனை பேருக்கும் அந்தப் பெண் யாரென்று தெரிந்திருந்தது. பூட்டு விஷயமும் அம்மா வழியாக அவர்கள் காதுக்குப் போயிருந்தது.

"அந்தப் பொண்ணு புருசன்கூடப் போறதுதான் நல்லது" என்றாள் அக்கா. "அந்தாளு அடிக்கல, ஒதைக்கல."

"படிச்ச பொண்ணுதானே, கொஞ்சம் அனுசரிச்சுப் போகலாம்" என்றார் டீச்சர்.

"ஆம்பள சந்தேகம் ஒரு புள்ள பொறந்தா சரியாப் பூடும்" என்றாள் பால்காரம்மா.

அடுத்தது அம்மா. ரேடியோ காலத்திலிருந்தே பெட்டியோடு வாய்க்கு வாய் பேசுகிறவள் அம்மா. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது மத்தியான மாதர் நிகழ்ச்சியில் யாராவது சமையல் குறிப்புச் சொன்னால், "அதுல இவ்ளோ புளி ஊத்தினா வெளங்கினாப்லதான்" என்று ரேடியோவைத் திருத்துவாள். அன்றைக்கு அணைந்து கிடந்த டி.வி.யையே பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். அது எனக்குத் தாங்கவில்லை.

"அந்தப் பொண்ணு இங்கதான் நிக்குது" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "கேக்கறதை என்னையே கேளுங்க."

அக்கா அசரவில்லை. "சரி, உன்னையே கேக்கறேன். பூட்டிட்டுப் போறார்னு ஓடியாந்துட்டியே, உள்ள உனக்கு இன்னா கொறை?" என்று என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு விரலை மடக்க ஆரம்பித்தாள். "அடுப்பு இருக்குது. அரிசி பருப்பு இருக்குது. ஃபேன் இருக்குது. தண்ணி இருக்குது. கக்கூசு..."

விரல் மடங்காமல் நின்றது. எங்கள் தெருவிலும் எல்லா வீட்டிலும் அது கொல்லைக் கோடியில்தான்.

"கக்கூசு உள்ள இருக்குதா?" என்றாள். அது வேறு குரல்.

"இல்லக்கா. வெளிய. எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவா, கிணத்தாண்ட."

"அப்ப நீ?"

"வாளி" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. அடிக்கிறாரா என்று கேட்டார்கள், குடிக்கிறாரா என்று கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை, நானாக எந்த வாயால் சொல்வது? அடுப்படி மூலையில் ஒரு வாளி. அதன் பக்கத்தில் சோறு வடிக்கவேண்டும். இருட்டினபிறகு அவர் வந்து திறந்ததும் முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு, மற்றக் குடித்தனக்காரர்கள் பார்க்காத நேரம் பார்த்துப் போய்க் கொட்டவேண்டும். அதற்குப் பயந்தே விடிந்ததிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டேன். தூரமான நாட்களைப் பற்றிச் சொல்ல இப்போதும் எனக்குக் கை வரவில்லை.

எதிர்வீட்டு அக்கா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பால்காரம்மா, "அடப் பாவி" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அம்மா மட்டும் என்னையே பார்த்தாள். நான் வந்த புதிதில் நீர்க்கடுப்பில் துடித்ததும், அவள் பார்லி கஞ்சி போட்டுக்கொடுத்ததும் அவள் முகத்தில் ஓடியது தெரிந்தது.

"வேலூரு வெயிலுன்னு நெனச்சேனேடி" என்றாள்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அன்றைக்குத் தீர்ப்பு என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. போகும்போது அக்கா என் தோளைத் தொட்டு, "போவாத" என்றாள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஆனாலும் வருகிறவர்களை வரவேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. பேசிப் பார்க்கலாம் என்றார். எதையும் பேசித் தீர்த்துவிடலாம் என்று நம்பியே காலத்தை ஓட்டியவர்.

வெள்ளிக்கிழமை என் கணவரும் அவருடைய சித்தப்பாவும் வந்தார்கள். காபி ஆயிற்று. அப்பா கூச்சப்படுகிற மனுஷர், அந்த வார்த்தை அவர் வாயில் வராது. "அங்க வூட்ல சில வசதி... பொம்பளைங்களுக்கு... கம்மியா இருக்குதுன்னு குழந்தை ஃபீல் பண்ணுது" என்று துண்டு துண்டாகச் சொன்னார். சித்தப்பா கெட்டிக்காரர். பட்டென்று பிடித்துக்கொண்டார்.

"இவ்ளோதானா? இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே. உள்ளயே பாத்ரூம் கக்கூசு வச்ச போர்ஷனாப் பார்த்துட்டாப் போச்சு. இன்னாடா?"

"பார்த்துடலாம் சித்தப்பா. சத்துவாச்சாரி பக்கம் ஒண்ணு இருக்குது" என்றார் அவர்.

அப்பா முகம் மலர்ந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்துவிட்டது. மூன்று ஆண்பிள்ளைகள் சேர்ந்து என் பிரச்சினையைத் தீர்த்துவிட்டார்கள். இனி நான் என்ன சொன்னாலும் அடம் பிடிக்கிறாள் என்றுதான் பெயர். அப்பா, "தாம்பாளம் எடுத்தா" என்று உள்ளே குரல் கொடுத்தார். அம்மா வெற்றிலை, பாக்கு, பூ எல்லாம் வைத்த தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அப்பா வாங்கிக்கொண்டு எழுந்து நின்றார்.

"பூட்டு?" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. ரொம்ப மரியாதையாக, அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"பூட்டு எப்பவும் போல இருக்கட்டும் மாமா. எல்லாந்தான் உள்ளயே வந்துடுதே. அப்புறம் அவ வெளிய வரவேண்டிய வேலையே இல்லையே."

அப்பா தட்டோடு அப்படியே நின்றார். சித்தப்பா அதை வாங்கிக்கொள்ள இரண்டு கையையும் நீட்டியிருந்தார். அப்பா திரும்பி தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"வேலூர் பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார். "நீங்க கெளம்புங்க மாப்ள."