இன்னொரு வெங்கடாசலத்தின் நட்சத்திரம்

கதவைச் சாத்திவிட்டு வரும்படி ஆய்வாளர் பிரபாகர் சொன்னபோதே ஏதோ சரியில்லை என்று வெங்கடாசலத்துக்குப் பட்டது. காரிமங்கலம் பக்கத்தில் ஒரு காவல் நிலையத்தில் அவர் சிறப்பு உதவி ஆய்வாளர். அந்தப் பதவிக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

"உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே ஆய்வாளர் நீட்டிய தாளை வாங்கிப் படித்தார். எண் 874, தலைமைக் காவலர் மு. வெங்கடாசலத்துக்கு ஜனவரியில் வழங்கப்பட்ட தர உயர்வு, உண்மையில் எண் 847, தலைமைக் காவலர் மு. வெங்கடாசலத்துக்கு உரியது. எண் மாறிவிட்டது. ஆகவே முந்தைய உத்தரவு ரத்து செய்யப்படுகிறது. 874 இன்றுமுதல் தலைமைக் காவலராகவே பணிபுரிவார்.

மூன்று முறை படித்தார். எழுத்தெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது, விஷயம்தான் உள்ளே இறங்கவில்லை.

"இதுல 874ங்கறது நாந்தானுங்களா ஐயா?"

"நீங்கதான். பேரும் ஒண்ணு, இனிஷியலும் ஒண்ணு. நம்பர்ல நாலும் ஏழும் இடம் மாறிப்போச்சு. டைப் அடிச்சவரும் பாக்கல, கையெழுத்துப் போட்டவரும் பாக்கல."

வெங்கடாசலத்தின் கை தானாகத் தோளுக்குப் போனது. நட்சத்திரம் அங்கேயேதான் இருந்தது.

பென்னாகரம் பக்கத்தில் மானாவாரிக் காட்டை நம்பியிருந்த குடும்பம் அவருடையது. இருபத்திரண்டாவது வயதில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தார். பத்து வருடம் சட்டைக் கையில் எதுவும் இல்லை. பிறகு முதல் நிலைக் காவலராகி இரண்டு பட்டை. இன்னும் ஐந்து வருடத்தில் ஏட்டாகி மூன்று பட்டை. தோளில் நட்சத்திரம் ஏற மொத்தம் இருபத்தைந்து வருடம் வேண்டும். ஜனவரியில் உத்தரவு வந்தபோது அவருக்கு இருபத்து மூன்றுதான் முடிந்திருந்தது.

அது அவருக்குத் தெரியும். மனைவி பூவிழிகூட அன்றைக்கே கேட்டாள்.

"இன்னும் ரெண்டு வருஷம் கெடக்குதுன்னீங்களேங்க?"

"ரூல்ஸ் மாத்தியிருப்பாங்க. குடுக்கறதப் போயி எதுக்குக் கேள்வி கேக்கற?"

அவரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுமோ என்று உள்ளுக்குள் ஒரு பயம். தம்பிகள் பேருந்து நிறுத்தத்தில் அவர் படத்தைப் போட்டு ஆளுயர பிளெக்ஸ் வைத்தார்கள். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

"அந்த 847 இப்ப எந்த ஸ்டேஷனுங்க ஐயா?" என்று கேட்டார்.

ஆய்வாளர் சற்றுத் தயங்கினார். "அவரு மே மாசமே ரிட்டயர்டு ஆயிட்டாரு. பென்ஷன் பேப்பர் போனப்பதான் மாட்டுச்சு. இந்த வருஷ சீனியாரிட்டி பட்டியல்ல அவரு எஸ்.எஸ்.ஐ., சர்வீஸ் புக்குல ஏட்டு. எப்படின்னு கேட்டிருக்காங்க."

"அப்ப அவரு போறப்ப…"

"ஏட்டாத்தான் போனாரு."

வெங்கடாசலம் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

வெளியே வரும் முன்பே நட்சத்திரங்களைக் கழற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவரைக் கண்டதும் வரவேற்பு மேசையிலிருந்த காவலர் ஜாஸ்மின் பழக்கத்தில் எழுந்து கையை உயர்த்தினாள். வெறும் தோளைப் பார்த்ததும் அந்தக் கை பாதியில் நின்றது. இறக்குவதா, முடிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் தரையைப் பார்த்தபடி நடந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பூவிழி பழைய பட்டைகளைத் தேடியெடுத்துச் சட்டைக் கையில் தைத்தாள். மறுநாள் காலை வருகைப் பதிவுக்கு ஏட்டுகளின் வரிசையில் நின்றார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்றவர் மட்டும் நகர்ந்து இடம் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை 847-இன் ஊரான பொம்மிடிக்குப் போனார். ரயில்வே கேட்டைத் தாண்டி, பட்டாளத்துக்காரர் வீடு என்று விசாரித்ததும் காட்டினார்கள். அந்த வெங்கடாசலம் ராணுவத்தில் இருந்துவிட்டு முப்பத்தைந்தாவது வயதில் போலீசில் சேர்ந்தவர். அதனால்தான் இருபத்தைந்து வருடம் நிறைவதும் ஓய்வு பெறுவதும் அவருக்கு ஒரே வருடத்தில் வந்தன. ஒட்ட வெட்டிய நரைமுடி. வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி செல்லி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நாந்தானுங்க அந்த இன்னொரு…" என்று தொடங்கினார் வெங்கடாசலம்.

"தெரியுங்க. நான் உங்கள ஏற்கெனவே பாத்திருக்கறன்."

"எங்கீங்க?"

"உங்க ஸ்டேஷன்லதான். மார்ச் மாசம். என் பேர்லயே ஒருத்தருக்கு ஸ்டார் வந்திருக்குன்னாங்க. எனக்கு அடுத்த லிஸ்ட்ல வரும்னு சொல்லியிருந்தாங்க. சரி, ஒரு வாழ்த்து சொல்லிட்டு வரலாம்னு வந்தன். சல்யூட் அடிச்சன். எந்த வருஷத்து பேட்சுங்கன்னு கேட்டன். சொன்னீங்க. எனக்கு ரெண்டு வருஷம் பின்னால. அங்கியே வெளங்கிப்போச்சு."

வெங்கடாசலத்துக்கு நினைவு வந்தது. ஜீப்பில் ஏறப் போனபோது மூன்று பட்டையோடு விறைப்பாக நின்று சல்யூட் அடித்த பெரியவர் கண்முன் வந்தார். பெயர் சொன்னார், ஊர் சொன்னார், சேர்ந்த வருடமும் சொன்னார். அரை நிமிடம் யோசித்திருந்தால் யாருக்கும் புரிந்திருக்கும். வெங்கடாசலமோ பந்தோபஸ்துக்கு நேரமாகிறது, அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். உண்மையில் அன்று அவ்வளவு அவசரம் இல்லை.

"அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேங்க."

"ஆபீசுக்கு ரெண்டு வாட்டி எழுதிக் குடுத்தன். பாக்கறம், பாக்கறம்னாங்க. உங்ககிட்ட என்னான்னு கேக்கறது? கழட்டிக் குடுங்கன்னா?"

வெங்கடாசலம் தலை குனிந்தார். ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து வந்த சரக்கு ரயில் கடந்து போனது. பெரியவர் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறன், மறைக்காம சொல்லுங்க. எப்படிங்க இருந்துச்சு?"

"என்னாதுங்க?"

"ஸ்டார் குத்திக்கிட்டு வெளிய போறப்ப."

பொய் சொல்ல அந்த வீட்டில் அவருக்கு வாய் வரவில்லை. "மொத ஒரு வாரம் சந்தோசத்துல தூக்கமே வரலீங்க. கண்ணாடி முன்னாடியே நின்னுக்கிட்டு இருந்தன். அப்புறம் பழகிப்போச்சுங்க."

"பழகிப்போச்சா?"

பெரியவர் அவரையே பார்த்தார். முகத்தில் கோபம்கூட இல்லை. அடி வாங்கியவர் போல வாய் லேசாகத் திறந்திருந்தது. பிறகு நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்து வீட்டுக்குள்ளே போனார். கால் மணி நேரம் கழித்து செல்லி வெளியே வந்தாள்.

"நீங்க கெளம்புங்க. அவரு இனிமே வரமாட்டாரு."

அடுத்த மாதமே பெரியவருக்கு உத்தரவு போனது. ஜனவரியிலிருந்தே சிறப்பு உதவி ஆய்வாளராக அவரைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஓய்வூதியத் தாள்களில் பெயருக்குக் கீழே அந்தப் பதவிதான் இருக்கிறது. நட்சத்திரத்தோடு சீருடை அணிய மட்டும் எந்த உத்தரவிலும் வழியில்லை.

வெங்கடாசலத்துக்கு இருபத்தைந்து வருடம் முடிந்தபோது முறைப்படி தர உயர்வு வந்தது. பிளெக்ஸ் வைக்க வந்த தம்பிகளைத் திட்டி அனுப்பினார். அன்று மத்தியானம் பொம்மிடிக்கு போன் செய்தார். செல்லிதான் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னார்.

"சரிங்க. அவருகிட்டச் சொல்லிடறன்" என்றாள்.

போனை வைத்த பிறகும் அவர் அதே இடத்தில் வெகுநேரம் நின்றிருந்தார்.