தீ பட்ட கை

என் நாத்தனார் எனலேசிக்கு வீட்டில் தனிக் குவளை. யாரும் மறந்துபோய் அதில் வாய் வைத்துவிடக் கூடாதென்று அதன் காதில் சிவப்பு நூல் கட்டியது நான்தான். அவளுக்கு வலிப்பு. விழும்போது வரும் நுரை பட்டால் பட்டவருக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று எங்கள் மலாவிக் கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

விறகு வெட்ட, தண்ணீர் தூக்க அவள் கை வேண்டும். அடுப்பங்கரைக்கு மட்டும் வரக் கூடாது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மருந்தகத்தில் நர்ஸம்மா வெள்ளை மாத்திரை கொடுத்தாள். மாதம் ஒரு முறை நான் துணைக்குப் போவேன். பதினோரு மாதம் அவள் விழவே இல்லை. என் மாமியாரே மனம் இளகி, "சரி, இன்னைக்கு நீ கிண்டுடி" என்று களிக் கரண்டியைக் கொடுத்தாள். அவள் கிண்டிய மக்காச்சோளக் களியை என் புருஷன் வைசன் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அப்போது எனலேசியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து அவள்தான் சமைத்தாள்.

மழையில் ஆறு பெருகி நாலு நாள் மாத்திரை இல்லை. ஐந்தாம் நாள் அடுப்பின் முன்னே விழுந்தாள். வலது கை நெருப்புக்குள். நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நுரை அடங்கட்டும் என்று நின்றோம். தோல் கருகும் வாடை வந்தது. அப்போதும் நான் நின்றேன்.

வெள்ளம் வடிந்ததும் நர்ஸம்மாவிடம் போனோம். "மாத்திரை விட்டுப்போச்சு, அவ்வளவுதான். விடாம போட்டா விழ மாட்டா. கையும் ஆறிடும்" என்று இரண்டு மாதத்துக்குக் கொடுத்தாள்.

எங்கள் ஊர்க் கணக்கு வேறு. வலிப்புக்காரரைத் தீ தொட்டுவிட்டால் அப்புறம் மருந்து ஏறாது. "இனி இவ மாத்திரையைத் தின்னா என்ன, மண்ணைத் தின்னா என்ன?" என்றான் வைசன். கரண்டியை மாமியார் பிடுங்கிக்கொண்டாள்.

மாத்திரை தீர்ந்த அன்று எனலேசி வாசலில் வந்து நின்றாள். "அண்ணி, போலாமா?"

"எதுக்குடி? தீ பட்டாச்சு."

"இந்த ரெண்டு மாசமா நான் விழலையே அண்ணி."

"விழுவ."

"நம்ப வேணாம். கூட மட்டும் வாங்க."

எனக்கு வேலை இருக்கிறது என்றேன். ஒரு வேலையும் இல்லை. ஒரு வாரம் கெஞ்சினாள். எட்டாம் நாள் தனியாகப் போனாள்.

ஆற்றோரம் கணுக்கால் அளவுத் தண்ணீரில் முகம் குப்புறக் கிடந்தாள். துணி துவைத்தவர்கள் அவள் விழுந்ததைப் பார்த்தார்களாம். நுரை அடங்கட்டும் என்று நின்றார்களாம். அவர்களை ஏச எனக்கு வாய் ஏது?

பிணத்திலிருந்து ஒட்டாது என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால் அன்றைக்கு எல்லோரும் அவளைத் தொட்டுத் தூக்கினார்கள். குளிப்பாட்டும்போது வலது கையை நான் பிடித்திருந்தேன். நன்றாக ஆறியிருந்தது.